எட்டு மெஷினும் ஓடுவதாகச் சொன்னார்கள்

கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மாடியில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எட்டிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பிளாப்பி செருகுகிற வாயும் கிடையாது. வசதியில்லாமல்தான் அப்படி வாங்கினோம். ஆனால் என் கணவர் அதை வெளியே ஒப்புக்கொள்ள மாட்டார். டிஸ்க்கே இல்லாத மெஷினில் வைரஸ் எங்கே போய் உட்காரும் என்று, பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் ஒரு போடு போடுவார். அவர்களும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுச் சேர்த்துவிட்டுப் போவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஆவடியில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. அதில் எங்களுடையதும் ஒன்று.

மூலையில் ஒன்பதாவதாக ஒரு மெஷின். அதுதான் சர்வர். சொத்து முழுக்க அதில்தான். மற்ற எட்டும் சுவிட்ச் போட்டதும் கேபிள் வழியாக அதைக் கூப்பிடும். கூப்பிடத் தெரிவதற்காக ஒவ்வொன்றின் நெட்வொர்க் கார்டிலும் கட்டைவிரல் நகமளவு ஒரு சிப் செருகியிருந்தது. கூப்பிட்ட குரலுக்கு சர்வர் ஒரு பைலை அனுப்பும். ஒரு பூட் பிளாப்பியில் இருப்பதை அப்படியே ஒரே பைலாக நகலெடுத்தது அது, இமேஜ் என்போம். அதை வாங்கிக்கொண்ட மெஷின், தன் வாயில் யாரோ பிளாப்பியைச் செருகிவிட்டார்கள் என்று நம்பி எழுந்துகொள்ளும். இவ்வளவுதான் வித்தை. நான் டைப்பிங்கும் வேர்ட் பிராசஸிங்கும் சொல்லிக்கொடுத்தேன். உள்ளே நடப்பதெல்லாம் அவர் பாடு. அவர் மெஷினின் மூடியைத் திறந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். என்னை அவர் கூப்பிடுவதே டீச்சர் என்றுதான், பாதி கேலியாக, பாதி பெருமையாக.

அந்த வருஷம் பிள்ளைகள், மெஷினை எழுப்பி ஓட்டுகிற டாஸில் புதியது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து சென்டர்களில் வந்துவிட்டதாம். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சர்வரில் புதியதை ஏற்றினார், புதிய இமேஜ் எடுத்தார், பழைய இமேஜின் மேலேயே எழுதினார். பழைய பிளாப்பிகளையும் வீணாக்கக் கூடாதென்று அழித்து அவற்றிலேயே புதியதைப் போட்டுக்கொண்டார். எதையும் வீணாக்கத் தெரியாத மனுஷன். மற்ற எட்டையும் போட்டுப் பார்ப்பதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்து படுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை. நான் கோயிலிலிருந்து திரும்பியபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது.

என் மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். பத்தியம் வைத்தார். மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வாந்தி நிற்காமல் போகவே அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். எனக்கு அப்போது ஐந்தாம் மாசம்.

இதற்கு நடுவில்தான், திங்கட்கிழமை காலையில், முதல் பேட்ச் பிள்ளைகள் வந்து சுவிட்சைப் போட்டார்கள். எட்டுத் திரையும் விழித்தன, சர்வரைக் கூப்பிட்டன, புள்ளி புள்ளியாக எதையோ வாங்கிக்கொண்டன, பிறகு எட்டும் ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றன. அன்சப்போர்ட்டட் இமேஜ். நான் அணைத்துப் போட்டேன். மறுபடி அதே வரி. படித்த ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது, இந்த இமேஜ் தனக்கு ஆகாது என்று மெஷின் சொல்கிறது என்பதுதான். ஏன் ஆகாது, எது ஆகும் என்று அது சொல்லவில்லை.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனசில்லை. கரும்பலகையில் கீபோர்டு வரைந்தேன். அவர்களை அட்டையில் வரைந்துகொண்டு வரச்சொல்லி, அதில் விரலைத் தட்டவைத்துப் பாடம் நடத்தினேன். ஒருத்தி தட்டும்போது வாயாலேயே டக் டக்கென்று சத்தம் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நர்சிங் ஹோமில் அவரைச் சேர்த்த மறுநாள், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. வேலையைப் பற்றிப் பேசினாலே அவருக்குப் பாதி காய்ச்சல் இறங்கிவிடும்.

"புள்ளி ஓடுதா? ஓடிட்டு அப்புறம்தான் நிக்குதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அப்போ கேபிள்ல ஒண்ணும் இல்ல. இமேஜு வந்து சேர்ந்துடுச்சு. அத வாங்கிகினுதான் வேணாங்குது. இரு, யோசிச்சு சொல்றேன்."

யோசிப்பதற்குள் நர்ஸ் வந்து ஊசி போட்டார். அவர் தூங்கிவிட்டார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

கேபிளில் தப்பில்லை என்று அவரே சொன்ன பிறகும் நான் கேபிளைத்தான் பார்த்தேன். தெரிந்த இடத்தில்தானே தேட முடியும். ஒவ்வொரு முனையாகக் கழற்றி மாட்டினேன். பிறகு துணிச்சல் வந்து மூடியைத் திறந்தேன். கார்டின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும், அவர் செய்து பார்த்திருக்கிறேன். எட்டு கார்டையும் வயிறு மேஜையில் இடிக்க இடிக்கக் குனிந்து தேய்த்தேன். சிப்பைப் பிடுங்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். சர்வரில் இமேஜைத் திரும்ப எடுத்தேன். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் செய்யும்போது பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றிருந்தேன். எடுத்து முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தட்டினால் அதே வரி. நான் முன்கோபி. அந்தத் திரையைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லத் துணிந்ததில்லை.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் எட்டையும் எழுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் மனசு முழுக்க. படியேறி வருவார், கதவைத் திறப்பார், எட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இன்னாமே டீச்சர், நீயா பண்ணே என்பார். இதை நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் வரப்போவதில்லை என்பது அந்த நேரத்தில் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

நர்சிங் ஹோம் டாக்டர் என் கணவரின் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் ஆவடியில் பாக்டரி வேலையில் இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சொன்னால் அதிர்ச்சியில் கரு கலைந்துவிடும். நோயாளியிடமும் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, இருக்கிற தெம்பும் போய்விடும். அதனால் டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை மாற்றியபோது எனக்கு, டெஸ்ட் எடுக்கத்தான் என்று சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துடுவான்மா. நீ சென்டர பாத்துக்கோ. அங்க நானும் அம்மாவும் கீறோம்ல," என்றார் அண்ணன். அந்த ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு என்றார்.

மாசமாக இருப்பவள் தினமும் ஆஸ்பத்திரிக் காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்று மாமியார் வேறு கட்டுப்பாடு விதித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும், ஆவடியில் ரயிலேறிப் போய் வந்தேன். ஆண்கள் வார்டு. மணியடித்ததும் பெண்களைக் கிளப்பிவிடுவார்கள். போகும்போதெல்லாம் மாமியார் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, மெஷின் விஷயத்தை மட்டும் அவனிடம் எடுக்காதே, மூளைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பார். நான் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மருந்தின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், பூந்தமல்லி சந்தையில் மாங்காய் வந்துவிட்டதா என்று ஏதேதோ பேசினோம். ஒருநாள் அவர் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மினுமினுத்தது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் என்றார் மாமியார். எங்கள் வீட்டில் தலைவலிக்கும் அந்த எண்ணெய்தான், தேள் கடிக்கும் அந்த எண்ணெய்தான். நான் தொட்டு என் வயிற்றிலும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு வந்தேன். அன்று காலையில் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிக் கொடுக்கும் நோயில் பூசுதலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

மாடியில் என் போராட்டம் தொடர்ந்தது. அட்டைக் கீபோர்டுகளோடு பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். கடைசியில், சிப்பை விற்ற கடைக்கே போய்க் கேட்பது என்று கிளம்பினேன். ஒரு சிப்பைப் பிடுங்கித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். நல்ல வெயில். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்து தீப்பெட்டியைத் திறந்து நீட்டியதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். சிப் பழைய கட்டுமானம், அதற்குப் பழைய டாஸின் இமேஜ்தான் நேரடியாக ஒத்துவரும், புதிய டாஸில் எடுத்தால் அந்த இமேஜின் மேல் ஒரு சின்ன புரோகிராமை ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும், அது இமேஜைச் சிப்புக்குத் தோதாகத் திருத்திவிடும் என்றார். அந்தப் புரோகிராம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். உங்கள் சர்வரிலேயே இருக்கும், இமேஜ் எடுக்கிற புரோகிராமுக்குப் பக்கத்திலேயே பாருங்கள் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அந்தக் கடையிலிருந்து அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரி நடக்கும் தூரம்தான். ஒரு நிமிஷம் யோசித்தேன். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது, வீட்டுக்குப் போய் ஓட்டிப் பார்த்து, நாளைக்கு நல்ல சேதியோடு வருவோம் என்று ரயிலேறிவிட்டேன். எனக்குத் தெரிந்திருந்தால் வார்டுக் கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

கடைக்காரர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஓட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. முதல் மெஷினைத் தட்டினேன். புள்ளிகள் ஓடின. நின்றன. திரை மேலே நகர்ந்தது, லாகின் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது, எட்டும். மாலை பேட்ச் பிள்ளைகள் வந்து கைதட்டினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் மாமியார் என் தலையையே பார்த்தார். உள்ளே அவர் மிகவும் இளைத்திருந்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஆனால் அன்று கண்ணில் தெளிவு இருந்தது. மூளைக்கு ஓய்வாவது ஒன்றாவது என்று, காதருகே குனிந்து, எட்டும் வந்துவிட்டது என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அண்ணன் போன வாரமே ஓடுதுன்னு சொன்னானே என்றார்.

இவருக்கு ஏன் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? வாசல் பக்கம் திரும்பினேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவரிடமே பொய் சொன்னவர்கள் என்னிடம் எதைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குள் ஒன்று கேட்டது. நர்சிங் ஹோம், டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இமேஜ எடுத்தப்புறம் அது மேல இன்னொன்னு ஓட்டணும். அத நான் மறந்துட்டேன். நீ சொல்லிட்டு போனதுக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு. நீ வந்தா சொல்லலாம்னு கீறேன், அண்ணன் வந்து எட்டும் ஓடுதுடாங்கறான். அத ஓட்டாம எப்படி ஓடும்? அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு டீச்சர். ஊட்டுக்குத் திரும்பி வர்றவன்கிட்ட யாரும் அப்படி சொல்லமாட்டாங்க."

அதற்கப்புறம் நான் எத்தனை தடவை வந்தேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு யாரும் சொல்லலன்னு உன் மூஞ்ச பாத்தாலே தெரிஞ்சுது. அது ஓடற வரைக்கும் உனக்கு வேற நெனப்பு வராதுல்ல. அதான் இன்னொன்னு ஓட்டணும்கறதையும் சொல்லல."

மணியடித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் வந்து சொல்லிப் பார்த்தார், வார்டு பாய் வந்தார். அதிர்ந்து பேசாத அண்ணன் அன்றுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தி அவர்களோடு சண்டை போட்டார். என்னை இருக்கவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் சரியாகப் பேசவில்லை. மறுநாளிலிருந்து நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. யார் யாரையோ கூப்பிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாளெல்லாம் நான் மாடியில் ரப்பரை வைத்து கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்டரை அதற்குப் பிறகும் சில வருஷம் நடத்தினேன். வேறு வழியில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அதிர்ச்சியில் ஒன்றும் கலைந்துவிடவில்லை. காலையில் மெஷின்கள் புள்ளி புள்ளியாக ஓட்டும்போது மட்டும் நான் வெளியே போய் நின்றுகொள்வேன். பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டதென்று சொன்ன பிறகுதான் உள்ளே வருவேன்.

மாமியாரோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தச் சிரிப்புக்கு என்ன பாடுபட்டிருப்பார் என்பது எனக்கென்று ஒரு பிள்ளை வந்த பிறகு புரிந்தது. மன்னித்துவிட்டேன். அண்ணனையும் மன்னித்துவிட்டேன். என் கணவரைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டையும் இழுத்து மூடிவிட்டு அவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்திருப்பேன். அழுதிருப்பேன்தான், ஆனால் பக்கத்தில் இருந்திருப்பேன். நான் அழுவதைப் பார்க்க முடியாமல், தான் தனியாகச் சாகலாம் என்று அவராக முடிவு செய்துகொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.